ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர்கள்

நர்மதை ஆற்றின் குறுக்கே எழுந்த சர்தார் சரோவர் அணைக்கு 1961 ஏப்ரல் 5 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 2017 செப்டம்பர் 17 அன்று நரேந்திர மோடி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டு விழாக்களுக்கும் புகைப்படங்கள் உண்டு, கல்வெட்டுகள் உண்டு. நடுவில் கழிந்த ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குச் சாட்சியாக இருப்பவை கோப்புகள்: தீர்ப்பாயத்தின் தீர்ப்பு, உலக வங்கியோடு போட்ட கடன் ஒப்பந்தங்கள், சுற்றுச்சூழல் அனுமதியோடு வந்த நிபந்தனைகள், உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுகள், இவையெல்லாம் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க அமைத்த குழுக்களின் அறிக்கைகள். இந்த அணையைப் போல அடுக்கடுக்காகக் கண்காணிக்கப்பட்ட கட்டுமானங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே இருக்கும். இத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதும், வாசலில் தண்ணீர் வந்து நின்ற பிறகும் வாக்களித்த நிலம் கைக்கு வராத குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நடந்த கண்காணிப்பு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்லும்படி அமைந்திருந்தது. இழப்பைச் சுமந்தவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. அதனால் அறிக்கையில் எழுதியது மெய்தானா என்று அவர்களிடம் கேட்கும் கடமையும் எவருக்கும் இருக்கவில்லை.

விதிகள் மோசமாக எழுதப்பட்டிருந்தன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1969இல் அமைந்த நர்மதை நதிநீர்த் தீர்ப்பாயம் பத்து ஆண்டுகள் விசாரித்து 1979 டிசம்பரில் இறுதித் தீர்ப்பை வெளியிட்டது. மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் தண்ணீரையும் செலவையும் பங்கிட்டது. அணையின் முழு நீர்மட்டம் 455 அடி, அதாவது 138.68 மீட்டர் என்று வரையறுத்தது. அதோடு நிற்காமல் இடம்பெயர்வோருக்காக அந்தக் காலத்தில் எவரும் எதிர்பாராத உறுதிகளையும் எழுதி வைத்தது. தன் நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்கு, இழந்த அளவுக்கு ஈடான பாசன நிலம், குறைந்தது இரண்டு ஹெக்டேராவது தரவேண்டும். வயது வந்த மகன் தனிக் குடும்பமாகக் கணக்கிடப்பட வேண்டும். இழப்பீடு கொடுத்து, மறுவாழ்வுக்கு ஏற்பாடு செய்து, அதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவித்த பிறகே மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் எந்த நிலமும் மூழ்கலாம். 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின்படி ரொக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவதே வழக்கமாக இருந்த நாட்டில், நிலத்துக்கு நிலம் என்று ஒரு தீர்ப்பாயம் எழுதியது பெரிய காரியம். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் முன் நின்று வாதாடியவை நான்கு மாநில அரசுகள். பள்ளத்தாக்கின் பீல், பிலாலா, தட்வி மக்களோ நிமாட் சமவெளியின் உழவர்களோ அங்கே ஒரு தரப்பாக இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 6,147 குடும்பங்கள் இடம்பெயரும் என்று தீர்ப்பாயம் கணக்கிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து அந்த மாநிலத்தின் எண்ணிக்கை மட்டுமே முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்து வந்த ஒப்பந்தங்கள் எல்லாம் இப்படி ஆள் கணக்கே தெரியாத அடித்தளத்தின் மேல்தான் எழுந்தன.

1985இல் உலக வங்கி அணைக்கும் கால்வாய்க்குமாக 45 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. இடம்பெயர்வோரின் வாழ்க்கைத்தரம் பழைய நிலைக்காவது திரும்ப வேண்டும் என்பது அந்த ஒப்பந்தங்களின் நிபந்தனைகளுள் ஒன்று. வங்கியின் மேற்பார்வைக் குழுக்கள் வந்தன, போயின, அறிக்கைகள் எழுதின. குறைகள் தெரியாமல் இல்லை. அறிக்கைகளில் அவை இருந்தன. பணம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் போராட்டம் வலுத்து, அதை நடத்திய மேதா பட்கர் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னால் சாட்சியம் சொல்லும் அளவுக்கு நிலைமை வளர்ந்த பிறகுதான் வங்கி 1991இல் ஒரு சுயேச்சைக் குழுவை அமைத்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் தலைவராக இருந்த பிராட்ஃபோர்டு மோர்ஸ் அதன் தலைவர். கனடாவின் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்ஜர் துணைத் தலைவர். 1992 ஜூனில் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை, இருக்கும் சூழ்நிலையில் இந்த மக்களுக்கு முறையான மறுவாழ்வு சாத்தியமில்லை, சுற்றுச்சூழல் விளைவுகள் சரியாக ஆராயப்படவில்லை, வங்கி பின்வாங்கி நின்று யோசிக்க வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. ஒரு கடன் நிறுவனம் தானே அமைத்த குழுவிடமிருந்து இவ்வளவு கடுமையான சொற்களை அதுவரை கேட்டதில்லை. அதே 1992இல் வங்கியின் மூத்த அதிகாரி வாப்பன்ஹான்ஸ் தலைமையில் நடந்த உள் ஆய்வு இன்னும் பரந்த ஓர் உண்மையைக் காட்டியது: முடிவடையும்போது திருப்தியற்றவை என்று மதிப்பிடப்பட்ட திட்டங்களின் பங்கு 1981இல் 15 சதவீதமாக இருந்து 1991இல் 37.5 சதவீதமாக ஏறியிருந்தது. கடனுக்கு ஒப்புதல் வாங்குவதில் வங்கி ஊழியர்கள் காட்டிய முனைப்பு, ஒப்புதலுக்குப் பின் ஒப்பந்தம் நிறைவேறுகிறதா என்று பார்ப்பதில் இல்லை என்பது அந்த ஆய்வின் சாரம். மோர்ஸ் குழு நர்மதையில் கண்டது அந்தப் பெரிய நோயின் ஒரு கொப்புளம்தான்.

மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகும் வங்கி உடனே விலகவில்லை. ஆறு மாதத்துக்குள் இன்னின்ன இலக்குகளை எட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டு 1993 மார்ச் 31ஐக் கெடுவாக வைத்தது. கெடுவுக்கு முந்தைய நாள், மீதிக் கடன் தேவையில்லை என்று இந்திய அரசு அறிவித்துவிட்டது. ஒப்பந்தக் கண்காணிப்பைப் பற்றி இந்த ஒரு நாள் சொல்வது அதிகம். அந்தக் கண்காணிப்பின் பிடி முழுவதும் பணத்தில் இருந்தது. பணம் வேண்டாம் என்றதும் பிடியும் விட்டுப்போனது. வங்கிக்கும் அரசுக்கும் இடையிலான உறவு சுமுகமாக முடிந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்திலேயே மகாராஷ்டிரத்தின் மணிபேலி கிராமத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நர்மதையின் புண்ணியத்தில் உலகின் மற்ற இடங்களுக்கு ஒரு நன்மை விளைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1993 செப்டம்பரில் வங்கி ஆய்வுக் குழு ஒன்றை நிலையாக ஏற்படுத்தியது. பாதிக்கப்படும் இருவர் சேர்ந்தால் போதும், தங்கள் அரசின் தயவின்றியே அந்தக் குழுவிடம் நேராக முறையிடலாம். கையெழுத்திடாதவர்களுக்கு ஒப்பந்தத்தின் உள்ளே நுழைய ஒரு சிறு கதவு முதன்முறையாகத் திறந்தது. அதன் முதல் வழக்கான நேபாளத்தின் அருண் அணைத் திட்டத்தை வங்கி 1995இல் கைவிட்டது. நர்மதைக்கு அந்தக் கதவு பயன்படவில்லை. கடன் போன பிறகு வந்த கதவு அது.

வங்கி போனபின் மிஞ்சியது நாமே ஏற்படுத்திக்கொண்ட கண்காணிப்பு. அதிலும் அடிப்படை எண்ணம் ஒன்று மிக நல்ல எண்ணம். 1987இல் தந்த சுற்றுச்சூழல் அனுமதியிலேயே அது இருந்தது; 2000 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை உறுதியாக்கியது. சட்டத்துறையினர் பாரி பாசு என்று வழங்கும் அந்த விதியின்படி, அணை ஏறும் அளவுக்கு மறுவாழ்வும் ஏறியிருக்க வேண்டும். ஒரு படி முடிந்த பிறகே அடுத்த படி. அணையை 90 மீட்டர் வரை உயர்த்தலாம். அதற்கு மேல் ஒவ்வொரு கட்டத்துக்கும் நர்மதைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் மறுவாழ்வுத் துணைக்குழுவும் சுற்றுச்சூழல் துணைக்குழுவும் அனுமதி தரவேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையிலான குறைதீர்ப்பு அமைப்புகளையும் கலந்துகொள்ள வேண்டும். இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். 2002இல் 95 மீட்டர், 2003இல் 100, 2004இல் 110.64, 2006இல் 121.92 என்று அணை படிப்படியாக உயர்ந்தது. ஒவ்வொரு படிக்கும் முறைப்படி சான்று இருந்தது. விதி மீறப்பட்டதாக ஒரு தாளைக் காட்ட முடியாது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பரூச்சா சுற்றுச்சூழல் அனுமதியின் அடிப்படையையே கேள்வி கேட்டிருந்தார். அவருடைய குரல் சிறுபான்மையாகப் போயிற்று.

அந்தச் சான்று எப்படி உருவாயிற்று என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம், ஏனென்றால் என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிராமவாரியாக ஒரு பட்டியல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. வரியின் கடைசிக் கட்டத்தில் மறுவாழ்வு முடிந்ததா என்று எழுத வேண்டும். மாவட்டத்தில் தயாராகும் பட்டியல் மாநிலத் தலைநகருக்குப் போகும். அங்கே அது நடவடிக்கை அறிக்கையாகி ஆணையத்துக்குப் போகும். துணைக்குழு அதைப் பார்த்து அனுமதி தரும். இந்தப் பாதை நெடுகிலும் அந்த வரிக்கு உரிய குடும்பம் எங்கும் எதிர்ப்படுவதில்லை. மத்தியப் பிரதேச அரசு தன் நில வங்கியிலிருந்து நிலம் ஒதுக்கியது. பாறையும் மேட்டுப் பாங்குமாகவோ, வேறொருவர் உழுதுகொண்டிருக்கும் நிலமாகவோ இருந்ததால் குடும்பங்கள் மறுத்தன. மறுத்தவர்களின் பேரில், அவர்கள் இல்லாமலேயே ஒருதலையாக நிலம் ஒதுக்கி ஆணை பிறப்பிக்கப்பட்டது. ஆணை பிறந்ததும் கட்டம் நிரம்பியது. பிறகு 2005இல் நிலத்துக்குப் பதில் ரொக்கம் என்று ஒரு சிறப்புத் தொகுப்பு வந்தது. இரண்டு ஹெக்டேருக்கு 5.58 லட்சம் ரூபாய். முதல் தவணையை வாங்கிக்கொண்டு, நிலம் வாங்கியதற்குப் பத்திரத்தைக் காட்டினால் இரண்டாம் தவணை. பத்திரம் கேட்டது நல்ல நோக்கத்தில்தான், பணம் வேறு செலவில் கரைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அந்தத் தொகைக்கு நிமாட்டில் இரண்டு ஹெக்டேர் பாசன நிலம் கிடைக்கவில்லை. பத்திரம் மட்டும் கிடைத்தது. தரகர்கள் முளைத்தார்கள், இல்லாத நிலத்துக்கும், இன்னொருவர் நிலத்துக்கும், ஒரே நிலத்தைப் பலருக்கு விற்றதாகவும் பத்திரங்கள் பதிவாயின. தவணையில் ஒரு பகுதி தரகருக்கும் அவரோடு சேர்ந்த அலுவலருக்கும் போயிற்று. குடும்பத்தின் கையில் நிலம் இல்லை. கோப்பிலோ அது நிலம் வாங்கிய குடும்பம்.

இது என் ஊகம் இல்லை. 2006 ஏப்ரலில், 121.92 மீட்டருக்கு அனுமதி கொடுத்த மறுமாதம், மத்திய அமைச்சர்கள் சைஃபுதீன் சோஸ், மீரா குமார், பிருத்விராஜ் சவாண் மூவரும் பள்ளத்தாக்குக்கு நேரில் சென்றார்கள். கோப்பில் இருப்பதும் களத்தில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்பதே அவர்கள் கண்டது. அதன்பின் முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுங்லு தலைமையில் குழு அமைந்தது, ஆய்வு நடந்தது, குறைகளைச் சரிசெய்துகொள்ளலாம், கட்டுமானத்தை நிறுத்தத் தேவையில்லை என்று முடிவாயிற்று. போலிப் பத்திரங்களை விசாரிக்க மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2008இல் நீதிபதி ஜா தலைமையில் ஆணையம் அமைத்தது. அலுவலர்களும் தரகர்களும் கைகோத்து நடத்திய மோசடியை விவரித்து 2016இல் அறிக்கை வந்தது. 2017 பிப்ரவரியில், அணை முழு உயரத்தை எட்டிய பிறகு, உச்ச நீதிமன்றம் 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் ரூபாயும், போலிப் பத்திரத்தால் ஏமாந்த 1,358 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் ரூபாயும் தரச் சொன்னது. தீர்ப்பாயம் வாக்களித்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு படியிலும் மறுவாழ்வு முடிந்துவிட்டது என்று சான்று இருந்தும் இத்தனை குடும்பங்கள் எங்கிருந்து வந்தன? கட்டங்கள் நிரம்பிய பட்டியலின் உள்ளேயே இருந்தன. மேலே இருப்பவர் எந்தத் தாளைக் கேட்கிறாரோ அந்தத் தாளைத் தயாரித்துக் கொடுக்க ஒரு சந்தை உருவாகிவிடும். அந்தத் தாளுக்கு உரியவரை நேரில் நிறுத்திக் கேட்டால் அந்தச் சந்தை ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அணையின் உயரம் மீட்டர் மீட்டராகப் பார்க்கப்பட்டது. அதே திட்டத்தின் மறுபாதியான கால்வாய்க்கு அந்த அக்கறை காட்டப்படவில்லை. ஏறத்தாழ 18 லட்சம் ஹெக்டேர் பாசனம் என்பது வாக்குறுதி. அதற்குத் தலைமைக் கால்வாய் தொடங்கி வயல் வாய்க்கால் வரை எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெட்ட வேண்டும். குஜராத்துக்குள் 458 கிலோமீட்டர் ஓடும் தலைமைக் கால்வாய் ராஜஸ்தான் எல்லையை 2008இல் தொட்டது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுசேர்க்கும் கடைசிக் கிளைகள் பல ஆண்டுகள் பின்தங்கின. மத்தியப் பிரதேசத்து உழவர் நிலத்தை இழந்த அதே வருடத்தில் கட்ச் உழவருக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. கான்கிரீட் கண்ணுக்குத் தெரியும், அமைச்சர் நின்று பார்க்கலாம், மீட்டரில் சொல்லலாம். ஒரு சிற்றூரின் கடைக்கோடி வாய்க்கால் எவர் கண்ணிலும் படாது. எளிதில் அளக்க முடிந்தது முன்னேற்றமாயிற்று. அளக்கக் கடினமானவை இரண்டும், இழந்தவரின் மறுவாழ்வும் பெறவேண்டியவரின் பாசனமும், பின்னால் வந்தன. இந்த இரு சாராரையும் எதிரெதிராக நிறுத்தித்தான் நாற்பது ஆண்டு அரசியல் நடந்தது. கண்காணிப்பு முறையைப் பொறுத்தவரை இரு சாராரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒவ்வொரு குடும்பமும் திருப்தி என்று சொல்லும் வரை வேலையை நிறுத்தினால் எந்தப் பெரும்பணியும் முடியாது, செலவு பன்மடங்காகும், கட்சிலும் சௌராஷ்டிரத்திலும் குடிதண்ணீருக்குக் குடத்தோடு நடக்கும் பெண்கள் இன்னும் பத்து ஆண்டு நடப்பார்கள். 2000ஆம் ஆண்டின் பெரும்பான்மைத் தீர்ப்பிலும் இந்தக் கவலை இருந்தது. அது நியாயமான கவலை. ஆனால் தாமதத்தின் காரணத்தை எங்கே தேடுவது? 1979இல் விதி எழுதியாயிற்று. யார் யார் இடம்பெயர்வார்கள் என்ற கணக்கெடுப்பை முடிக்காமல், எந்த நிலத்தை யாருக்குத் தருவது என்ற திட்டம் இல்லாமல் 1985இல் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளியதால்தான் வழக்கு வந்தது, தடை வந்தது. நிறுத்தும் அதிகாரம் வேலையைக் கெடுக்கும் என்பதற்கும் நர்மதை சான்றாகவில்லை. 1995 முதல் 1999 வரை நீதிமன்றத் தடையால் அணை 80 மீட்டரை ஒட்டி நின்றது. குஜராத்தின் குறைதீர்ப்பு அமைப்பு எப்போது உருவானது என்று பாருங்கள்: 1999 தொடக்கத்தில், 85 மீட்டருக்கு உயர்த்த நீதிமன்றத்தின் அனுமதியை எதிர்பார்த்து நின்ற நேரத்தில். மற்ற இரு மாநிலங்களும் இறுதித் தீர்ப்பு நெருங்கிய காலத்தில்தான் அதைப் பின்பற்றின. வேலை நின்றிருந்தபோது மாநிலங்கள் நகர்ந்தன. சான்று சுலபமானதும் அந்த வேகம் தணிந்தது.

இரண்டாவது மறுப்பு இறையாண்மையைப் பற்றியது. கடன் கொடுத்தவர் நம் கிராமங்களுக்குள் வந்து நம்மை விசாரிப்பதா என்று 1992இல் தில்லியில் எழுந்த கோபத்தை நான் முழுமையாகத் தவறென்று சொல்லமாட்டேன். வங்கி தன் சொந்த ஒப்பந்தத்தையே ஏழு ஆண்டுகள் கவனிக்காமல் விட்டு, வெளியிலிருந்து அழுத்தம் வந்ததும் ஒழுக்கம் பேசத் தொடங்கியது. அது விலகியதால் பள்ளத்தாக்குக்கு நன்மை விளைந்தது என்றும் சொல்ல முடியாது. குறைகளை எழுதிவைக்க இருந்த ஒரு கண் போனதுதான் மிச்சம். ஆகவே வெளிநாட்டார் வந்து பார்ப்பது தீர்வு என்று நான் வாதிடவில்லை. கண்காணிப்பை வாஷிங்டனிலிருந்து தில்லிக்கு மாற்றினோம். தில்லியிலிருந்து பள்ளத்தாக்கின் மாவட்டங்களான பத்வானிக்கும் நந்துர்பாருக்கும் மாற்றாமல் விட்டோம். நம் இறையாண்மைக்கு உரிமை கொண்டாடும் மக்களில் நர்மதைக் கரையில் வாழ்பவர்களும் அடக்கம் அல்லவா?

மூன்றாவது மறுப்பு, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்பது. பாதிக்கப்பட்டவரிடம் கேட்டால் என்றைக்காவது நிறைவு என்று சொல்வாரா, இழப்பீடு ஏறும் என்ற நம்பிக்கையில் இல்லை என்றுதானே சொல்வார் என்கிறார்கள். சிலர் அப்படிச் சொல்லலாம். ஆனால் இதே தராசை மறுபக்கமும் பிடித்துப் பாருங்கள். அணையைக் கட்டவேண்டிய அவசரத்தில் இருக்கும் அரசே மறுவாழ்வு முடிந்தது என்று சான்று தரும்போது அது தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகவில்லையா? பாதிக்கப்பட்டவர் தீர்ப்பு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும், அவர் மறுத்தால் மறுப்பு அதே தாளில் ஏறவேண்டும், மறுப்புக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே தாள் மேலே போகவேண்டும். இது கைக்கு எட்டாத கனவில்லை. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. செய்த வேலை எளிமையானது: பஞ்சாயத்துப் பணிகளின் கூலிப் பதிவேட்டை ஊரைக் கூட்டி உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து சொன்னார். அந்த முறையே பிறகு 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் 17ஆம் பிரிவாக இடம்பெற்றது. நூறு நாள் வேலையின் கணக்கைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற அந்த விதியை நம் தமிழ்நாட்டு ஊர்களும் அறியும். அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். பல ஊர்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்தை முடித்துவிட்டார்கள், கண்டுபிடித்த பணத்தை மீட்பதும் மெத்தனமாகவே நடந்தது. ஆனாலும் பதிவேட்டுக்கும் அதில் பெயர் இருப்பவருக்கும் இடையே இருந்த சுவரில் சட்டமே ஒரு வாசல் வைத்தது. சில நூறு ரூபாய் கூலிக்கு வைத்த வாசலை, ஒரு குடும்பத்தின் முழு நிலத்துக்கும் வீட்டுக்கும் வைக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

நீதிமன்றம் இருக்கிறதே, பிறகு என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நீதிமன்றம் 2000இல் நல்ல விதி சொன்னது, 2017இல் பணமும் தரச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே பதினாறு மழைக்காலங்கள் போயின. நீதிமன்றம் தன் முன் வரும் பிரமாணப் பத்திரத்தைத்தான் படிக்க முடியும். அதைத் தயாரித்தவர்களே அந்தப் பட்டியலையும் தயாரித்தார்கள்.

ஆகவே பெரும்பணி ஒப்பந்தங்களை எழுதும்போதே அதற்குள் வரவேண்டியவை சில. குடும்பப் பட்டியல் முடிந்து, ஊரில் படித்துக்காட்டி, மறுப்புகள் தீர்ந்த பிறகே முதல் தவணைப் பணம் போகவேண்டும். சரிபார்ப்பவரின் சம்பளம் திட்ட அதிகாரியின் கையில் இருக்கக் கூடாது. கட்டுமானத் தொகையில் ஒரு சிறு பங்கை முதலிலேயே தனியாக ஒதுக்கினால் அது முடியும். ஒதுக்கிய நிலத்தைப் பெறுபவர் கண்ணால் பார்த்தார், அங்கே ஒரு போகமாவது உழுதார் என்பது மறுவாழ்வின் அளவுகோலாக இருக்கவேண்டும். ஒதுக்கீட்டு ஆணையும் பத்திரமும் அந்த இடத்தைப் பிடிக்கக் கூடாது. குறித்த நாளுக்குள் சான்று வராவிட்டால் வேலை தானாக நிற்கவேண்டும். இப்போது வழக்கம் இதற்கு நேர் எதிர்: தடை வராவிட்டால் வேலை தானாக நடக்கும். கால்வாய்க்கும் இதே விதி பொருந்தவேண்டும்; கடைமடை உழவர் தண்ணீர் வந்தது என்று தன் ஊர்ச் சபையில் சொன்ன பிறகே அந்தப் பகுதி பாசனம் பெற்றதாகக் கணக்கில் ஏறவேண்டும். இதற்கெல்லாம் புதிய அறிவியல் தேவையில்லை. ஒப்பந்தம் எழுதும் மேசையில் அமர்பவர்கள், அந்த மேசைக்கு வராதவர்களுக்கு ஒரு தாளைத் திறந்துவைக்கச் சம்மதித்தால் போதும்.

இதைப் பழங்கதையாக நான் இங்கே பேசவில்லை. கோதாவரியின் குறுக்கே போலவரம் அணை இப்போது எழுந்துகொண்டிருக்கிறது. அதற்கு அடிப்படை 1980இல் வந்த பச்சாவத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு. 2014இல் ஆந்திரப் பிரிவினைச் சட்டம் அதைத் தேசியத் திட்டமாக்கி, மூழ்கும் மண்டலங்களையும் ஆந்திரத்தோடு சேர்த்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர வேண்டியவை. அவர்களில் கோயா, கொண்டா ரெட்டி பழங்குடியினர் பெரும் பங்கினர். முழு நீர்மட்டம் 45.72 மீட்டர். முதல் கட்டமாக 41.15 மீட்டர் வரை நீரைத் தேக்குவது என்று முடிவாகி, அதற்கான நிதிக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. 2022 ஜூலை வெள்ளத்திலேயே, மறுவாழ்வு முடியாத ஊர்கள் தண்ணீரில் நின்றன. இரண்டு மட்டங்களுக்கும் இடையே இருப்பது 4.57 மீட்டர், நர்மதையில் 2002இன் சான்றுக்கும் 2003இன் சான்றுக்கும் இடையே இருந்த உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த 4.57 மீட்டருக்கான அனுமதிக் கோப்பு எந்த மேசையிலும் விரியும் முன்பு, மூழ்கும் மண்டலங்களான குக்குனூரிலும் வேலேருபாட்டிலும் ஒவ்வொரு குடியிருப்பிலும் குடும்பப் பட்டியல் தெலுங்கிலும் கோயா மொழியிலும் உரக்கப் படிக்கப்பட வேண்டும், மறுப்புகள் அதே கோப்பில் சேர்த்துத் தைக்கப்பட வேண்டும் என்று அமராவதியையும் தில்லியையும் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.